ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தீவுக்குப் போனவர்கள்: ஓகி தோசென், ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டு இளைஞர்களை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கூட்டிவரும் ஜப்பானின் ஜெட் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பிடித்த இடங்களாக மூன்று வரை எழுதித் தரலாம். எழுதித் தரலாம், அவ்வளவுதான். கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. டோக்கியோவையும் கியோட்டோவையும் மனதில் வைத்திருந்தவருக்கு ஷிமானே மாநிலம், ஓகித் தீவுகள் என்று பணியிடம் வந்து நிற்கும். அங்கே ரயில் கிடையாது. கப்பல் உண்டு, அதுவும் கடல் சம்மதித்தால்.

இந்த ஆய்வு ஓகியின் தோசென் தீவுகளைப் பற்றியது, அதிலும் அமா என்ற சிறிய ஊரைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து ஆங்கில ஆசிரியர் வந்து இறங்கும் தீவுகள் ஜப்பானில் நிறைய இருக்கின்றன: நாகசாகியின் கோத்தோ, சுஷிமா, காகோஷிமாவின் அமாமி, ஒகினாவாவின் மியாகோ, இஷிகாகி. அமாவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பள்ளிக்கூடத்தை வைத்தே தன் தலையெழுத்தை மாற்றப் பார்த்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆங்கில ஆசிரியருக்கு என்ன வேலை என்று பார்த்தால், மற்ற தீவுகளில் மங்கலாகத் தெரிவது இங்கே பளிச்சென்று தெரிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவுக்கு வரும் ஆங்கில ஆசிரியரைக் கல்வித் துறையின் ஆளாக நினைத்து மதிப்பெண் போட்டால் இந்தத் திட்டம் தேறாது. அவரை ஊர் நிர்வாகத்தின் ஆளாகப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். ஆனால் அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் திட்டத்தின் இன்னொரு ஓட்டை கண்ணில் படும். அது சின்ன ஓட்டை இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது

1980களில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வணிகத் தகராறு முற்றியிருந்தது. கார், தொலைக்காட்சி என்று ஏற்றுமதி செய்து தள்ளுகிறீர்கள், உங்கள் கதவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று அமெரிக்கா குறைப்பட்டது. நகசோனே பிரதமராக இருந்த அந்தக் காலத்தில்தான் வெளிநாட்டு இளைஞர்களை ஊர் ஊராகக் கொண்டுவந்து வைக்கும் யோசனை பிறந்தது. யோசனை கல்வி அமைச்சகத்திலிருந்து வரவில்லை. உள்ளாட்சிகளைக் கவனிக்கும் அமைச்சகத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பே, 1977-லும் 1978-லும், அமெரிக்கர்களுக்கு ஒன்று, பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒன்று என்று சிறிய ஆசிரியர் திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் இதற்குள் இழுத்துக்கொண்டு, 1987-ல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரோடு ஜெட் திட்டம் தொடங்கியது. 2002-ல் அது ஆறாயிரத்தைத் தாண்டியது. இப்போதும் ஐயாயிரத்துக்கு மேல்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏ.எல்.டி. எனப்படும் உதவி மொழி ஆசிரியர்கள்.

இவர்களுக்கான செலவை மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் வரிப் பங்கீட்டுக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. இரண்டாயிரம் பேர் வாழும் தீவு தன் சொந்தக் கஜானாவிலிருந்து ஒரு வெளிநாட்டு ஆசிரியரை நியமிக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் முடிகிறது. சம்பளமும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பல ஆண்டுகள் முதல் வருடச் சம்பளம் 33 லட்சத்து 60 ஆயிரம் யென்னாக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து அதை 40 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தியிருக்கிறார்கள். இதே தொகையில் டோக்கியோவில் மாதக் கடைசியில் கையைப் பிசைய வேண்டியிருக்கலாம். தீவில், ஊர்க் கல்வி வாரியமே வீடு பார்த்துக் கொடுத்துவிட்டால், பணம் மிச்சமாகும். செலவழிக்க இடம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

தகுதி என்று பார்த்தால் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. திட்டத்தில் இருக்கும் நாடுகளில் சிங்கப்பூரும் தென்னாப்பிரிக்காவும் உண்டு என்பதால், அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கிறது. உள்ளாட்சிகள் தனியார் நிறுவனங்கள் வழியாகவும் ஆசிரியர்களை எடுக்கின்றன, அங்கே சம்பளம் பெரும்பாலும் குறைவு. அது தனிக் கதை.

இடம்

ஓகியில் மக்கள் வாழும் தீவுகள் நான்கு. பெரியது தோகோ. மற்ற மூன்றும், அதாவது நிஷினோஷிமா, நாகனோஷிமா, சிபுரி ஆகியவை, சேர்ந்து தோசென். பழைய எரிமலை ஒன்று இடிந்து உள்ளே கடல் புகுந்து உருவான வளையம் இது, அதனால் மூன்று தீவுகளுக்கும் நடுவே அமைதியான உள்கடல் இருக்கிறது. அமா ஊர் நாகனோஷிமாவில் உள்ளது. ஷிசிருயி அல்லது சகாய்மினாத்தோ துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். விரைவுப் படகும் உண்டு, ஆனால் நடுக்குளிர்காலத்தில் ஓடாது. ஜப்பான் கடலில் வடமேற்குக் காற்று கிளம்பிவிட்டால் பெரிய கப்பலும் நின்றுவிடும்.

வெளியாள் வந்து சேர்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1221-ல் காமகுராவிலிருந்து ஆண்ட போர்வீரர் அரசை எதிர்த்துத் தோற்ற கோ-தோபா பேரரசரை இங்கேதான் நாடு கடத்தினார்கள். 1239-ல் இறக்கும் வரை அவர் இங்கேயே இருந்தார், கவிதை எழுதிக்கொண்டு. ஊர்க்காரர்கள் இன்றும் அவரைச் சொந்தக்காரர் மாதிரிதான் பேசுகிறார்கள்.

ஆங்கில ஆசிரியர் வந்ததும் புதிதில்லை. லாஃப்காடியோ ஹெர்ன் 1890-ல் ஷிமானேயின் தலைநகர் மத்சுவேயில் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர். மாதம் நூறு யென் சம்பளம், அன்றைக்கு அது பெரிய தொகை. அங்கே கொய்சுமி செத்சுவை மணந்தார், பிறகு குமாமோத்தோ பள்ளிக்கு மாறினார், 1892 கோடையில் மனைவியோடு ஓகிக்கு வந்தார். நிஷினோஷிமாவின் உராகோவில் வெள்ளைக்காரரைப் பார்க்க விடுதியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அமாவின் ஹிஷியுரா துறை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. இன்று கப்பல் வந்து நிற்கும் அதே ஹிஷியுராவில் கணவன் மனைவி இருவருக்கும் சிலை இருக்கிறது.

தாய்மொழி ஆங்கிலமாக இருந்து ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த முதல் ஆள் என்று சொல்லப்படும் ரனால்ட் மெக்டொனால்டும் தீவு வழியாக வந்தவர்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1848-ல் திமிங்கல வேட்டைக் கப்பலிலிருந்து சிறு படகை இறக்கிக்கொண்டு, ஹொக்கைதோ பக்கம் ரிஷிரித் தீவில் கரையேறினார். வெளிநாட்டவருக்கு நாடு மூடிக் கிடந்த காலம். பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். அங்கே கம்பிக்குள்ளிருந்தே பதினான்கு மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் மொரியாமா எய்னோசுகே பிற்பாடு அமெரிக்கர்களோடு நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தவர். விண்ணப்பப் படிவமும் இல்லை, விருப்ப இடமும் கேட்கவில்லை.

பள்ளியில்

அமாவில் தொடக்கப் பள்ளிகள் இரண்டு, நடுநிலைப் பள்ளி ஒன்று. நகரத்து ஏ.எல்.டி. ஒருவர் வாரத்துக்கு ஒரு பள்ளி என்று சுற்றி வந்து நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்ப்பார், ஒரு பெயரும் நினைவில் நிற்காது. தீவில் நிலைமை தலைகீழ். மூன்றாம் வகுப்பில் வண்ணங்களின் பெயர் சொல்லிக்கொடுத்த குழந்தையையே ஆறாம் வகுப்பிலும், அப்புறம் நடுநிலைப் பள்ளியிலும் பார்க்கலாம். அவள் அண்ணன், அம்மா, அம்மா வேலை செய்யும் கடை எல்லாம் தெரிந்துவிடும்.

2020 முதல் ஜப்பானில் மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலச் செயல்பாடு, ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு 70 பாடவேளை ஆங்கிலப் பாடம். நடுநிலைப் பள்ளியில் 140. இதில் ஏ.எல்.டி.யின் இடம் சட்டப்படி உதவியாளரின் இடம்தான். உரிமம் உள்ள ஜப்பானிய ஆசிரியர் வகுப்பை நடத்துவார், இவர் கூட நிற்பார். சில இடங்களில் இந்த "கூட நிற்பது" பாடப்புத்தகத்து வாக்கியத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவதோடு முடிந்துவிடும். மனித டேப் ரெக்கார்டர் என்று ஏ.எல்.டி.கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வது பழைய வழக்கம். தொடக்கப் பள்ளியில் இதற்கு நேர்மாறு. வகுப்பாசிரியருக்கு ஆங்கிலம் பேசத் தயக்கம், அதனால் பயிற்சியே இல்லாத இருபத்துமூன்று வயது ஆளின் கையில் 45 நிமிடமும் வந்து விழும்.

முதல் வகுப்பு எங்கேயும் சுய அறிமுகம்தான். குடும்பப் படம், நாய் படம், ஊர் படம். குழந்தைகள் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து வருவார்கள். படம் முடிந்ததும் கேள்வி நேரம். ஆசிரியர் முன்பே எழுதிப் பழக்கிய வாக்கியங்களை இரண்டு பேர் எழுந்து நின்று கேட்பார்கள். மூன்றாவது பையன் பழக்காததைக் கேட்பான்: "டூ யூ லைக் நாத்தோ?" புளித்த சோயா அவரை, நூல் நூலாக இழுக்கும். பிடிக்கும் என்றாலும் வகுப்பு ஆர்ப்பரிக்கும், பிடிக்காது என்றாலும் ஆர்ப்பரிக்கும். இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஜப்பானியப் பிள்ளைகள் கூச்ச சுபாவம் என்று எழுதுவதை நான் நம்புவதில்லை. நடுநிலைப் பள்ளிக்கு வந்து, தேர்வு என்ற ஒன்று தலைக்கு மேல் தொங்கத் தொடங்கிய பிறகுதான் "ஐயாம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்ற ஒரே பதிலை வகுப்பு முழுக்க ஒரே ராகத்தில் சொல்கிறது. காய்ச்சலோடு வந்தவனும் அதையேதான் சொல்வான்.

மதிய உணவை மாணவர்களோடுதான் சாப்பிட வேண்டும். பிள்ளைகளே வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பரிமாறுவார்கள். அப்புறம் துப்புரவு நேரம், ஆசிரியரும் துணியை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கலாம். மொழி கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டு நேரங்களில்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. தீவின் உணவில் மீன் எங்கே இல்லை என்று தேட வேண்டும். காய்கறிக் குழம்பின் சாறும் மீனில்தான் இறங்கியிருக்கும். அமாவின் பெயர்போன குழம்பே சசாயே என்ற கடல் சங்கின் சதையைப் போட்டுச் செய்வது. மாட்டிறைச்சிக்குப் பதிலாகக் கையில் இருந்ததைப் போட்ட வீட்டுச் சமையல், இன்று பொட்டலமாக ஊர்ப் பெயரில் விற்பனையாகிறது.

ஆசிரியர் அறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் தான் ஒருவர்தான் அந்நியர் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் தீவுப் பள்ளி ஆசிரியர்களில் பலரும் மாநில அரசின் இடமாறுதலில் வந்தவர்கள், குடும்பத்தை அக்கரையில் விட்டுவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். சில ஆண்டுகளில் போய்விடுவார்கள். இது புரிந்த பிறகு அந்த அறையில் நட்பு சுலபமாகிறது.

பள்ளி விட்ட பிறகு

நாலரை மணிக்கு மேல் தொடங்குவதுதான் தீவில் உண்மையான வேலை என்பேன். பெரும்பாலான ஏ.எல்.டி.கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்து சேர்கிறார்கள். பள்ளி விடுமுறை. செய்ய வேலை இல்லை, யாரையும் தெரியாது. அமாவில் அதே மாதக் கடைசியில் கின்யாமொன்யா திருவிழா. இரண்டு கைகளிலும் சோறு அள்ளும் மரக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்கு ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு ஊரே வரிசையாக ஆடிப் போகும். புதிதாக வந்தவர் கையிலும் கரண்டி ஜோடி ஒன்று வந்துவிடும். முன்னால் ஆடுகிறவரின் கையைப் பார்த்து ஆட வேண்டியதுதான். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது பாதிப் பிள்ளைகள் அவரை முன்பே பார்த்திருப்பார்கள், அவர் தாளம் தப்பியதையும் சேர்த்து.

பிறகு ஊர்க்குழுவின் கூட்டம், சாக்கடை தூர்வாரும் ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விளையாட்டு விழா, பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு, மீன்பிடிக்கக் கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர். வாசலில் யார் வைத்ததென்று தெரியாமல் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் கிடக்கும். யார் வைத்தது என்று கண்டுபிடித்து நன்றி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதுதான் ஆபத்து.

இந்த அன்புக்கு மறுபக்கம் உண்டு. கடையில் என்ன வாங்கினார், யார் வண்டி அவர் வீட்டு முன்னால் நின்றது, எந்தக் கப்பலில் போனார் என்பது மறுநாள் ஆசிரியர் அறையில் தெரிந்திருக்கும். பெருநகரத்தில் வளர்ந்தவருக்கு இது மூச்சு முட்டும். சிறு கிராமத்தில் வளர்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள். நாட்டைவிட வளர்ந்த ஊரின் அளவுதான் இங்கே அதிகம் வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தேர்வுக்குழு எந்த நாடு என்று பார்ப்பதைவிட எவ்வளவு பெரிய ஊர் என்று கேட்டால் நல்லது.

குளிர்காலம் தனிப் பாடம். கப்பல் இரண்டு மூன்று நாள் வராவிட்டால் கடையில் பாலும் ரொட்டியும் முதலில் காலியாகும். தோசென் மருத்துவமனை நிஷினோஷிமாவில் இருக்கிறது, அதற்கும் உள்கடல் படகைப் பிடிக்க வேண்டும். மனச்சோர்வு வந்தால் ஆங்கிலத்தில் பேச ஆள் தீவில் கிடைப்பது அரிது. அதற்காக ஏ.எல்.டி.களே சேர்ந்து இரவு நேரத் தொலைபேசி உதவி ஒன்றை நடத்தி வந்திருக்கிறார்கள். பிப்ரவரித் தொடக்கத்துக்குள் அடுத்த வருடத்துக்கும் இருப்பீர்களா என்று கேட்டு எழுதி வாங்கிவிடுவார்கள். ஆண்டின் மிக மோசமான வானிலையில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யார் தீர்மானித்தார்களோ.

ஊர் பள்ளியைப் பிடித்துக்கொண்ட கதை

இனி அமாவின் கதை. 1950-ல் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் இருந்த ஊர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. கடன் ஆயிரம் கோடி யென் அளவில் நின்றது. அப்போது மத்திய அரசு உள்ளாட்சிகளை ஒன்றோடு ஒன்று இணையச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தது, வரிப் பங்கீட்டையும் குறைத்தது. தோகோவின் நான்கு ஊர்களும் 2004-ல் ஒன்றாகின. தோசென் தீவுகள் மூன்றும் பேசிப் பார்த்துவிட்டு, வேண்டாம், தனித்தனியாகவே இருப்போம் என்றன.

2002-ல் ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யமாவுச்சி மிச்சியோ தன் சம்பளத்தை வெட்டினார், பிறகு பாதியாக்கிக்கொண்டார். ஊழியர்களும் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள முன்வந்தார்கள். மிஞ்சிய பணம் குழந்தை வளர்ப்பு உதவிக்குப் போனது. மீனையும் சிப்பியையும் பிடித்தபோதிருந்த ருசி கெடாமல் உறையவைத்து நகரங்களுக்கு அனுப்பும் ஆலை ஒன்றும் 2005-ல் வந்தது.

ஆனால் உயர்நிலைப் பள்ளி கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூன்று தீவுகளுக்கும் இருப்பது ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி, அமாவில் உள்ள ஓகி தோசென் பள்ளி. 2008-ல் மாணவர் எண்ணிக்கை தொண்ணூறுக்குக் கீழே வந்துவிட்டது. அது மூடினால் பதினைந்து வயதில் பிள்ளைகள் எல்லோரும் அக்கரைக்குப் போக வேண்டும். பிள்ளை தனியாகப் போகாது. தங்கையும் அம்மாவும் கூடப் போவார்கள், சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாகப் போய்விடும். பள்ளியை மூடுவது ஊரை மூடுவதற்குச் சமம் என்பதை மூன்று ஊராட்சிகளும் புரிந்துகொண்டு சேர்ந்து இறங்கின. 2010 முதல் நாடு முழுவதிலிருந்தும் மாணவர்களைத் தீவுக்கு வந்து தங்கிப் படிக்க அழைத்தார்கள். தனிப்பயிற்சி நிலையம் இல்லாத தீவில் ஊர் செலவிலேயே ஒன்றைத் திறந்தார்கள். பாடத்திட்டத்தில் தீவின் பிரச்சினைகளையே கொண்டுவந்து வைத்தார்கள். பத்தாண்டுக்குள் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்கானது. ஜப்பானில் மற்ற மாநிலங்களும் இதே மாதிரியைக் கையில் எடுத்தன.

டோக்கியோ பெற்றோர் ஒருவர் தன் பிள்ளையை மூன்று மணி நேரக் கப்பல் பயணத்துக்கு அப்பால் அனுப்பத் துணிவதற்கு முன்னால் என்ன கேட்பார்? பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஈடுகொடுக்க முடியுமா என்று கேட்பார். ஆங்கிலம் எப்படி என்று கேட்பார். அப்போது தொடக்கப் பள்ளியிலிருந்தே வெளிநாட்டு ஆசிரியர் இருக்கிறார் என்று ஊர் சொல்ல முடிய வேண்டும். ஏ.எல்.டி. வகுப்பில் என்ன செய்கிறார் என்பது இரண்டாம் கேள்வி. அவர் இருக்கிறார் என்பதே ஊருக்கு ஒரு சொத்து. உள்ளாட்சி அமைச்சகம் 1987-ல் போட்ட கணக்கும் இதுதான்.

எனவே, ஆங்கிலத் திறன் தரவரிசை ஒன்றில் 2024-ல் 116 நாடுகளில் ஜப்பான் 92-ஆவது இடத்தில் இருந்ததைக் காட்டி, நாற்பதாண்டு ஜெட் திட்டம் வீண் என்று சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. விருப்பப்பட்டு இணையத்தில் தேர்வு எழுதுகிறவர்களை வைத்துப் போடும் வரிசை அது. அதைத் தள்ளிவிட்டாலும், வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளை வரும் ஒரு உதவியாளரால் நாட்டின் ஆங்கிலம் மாறும் என்று எதிர்பார்த்ததே தப்பு.

எங்கே இடறுகிறது

சரி, ஊர் நிர்வாகத்தின் ஆள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவரை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்?

ஒப்பந்தம் ஒவ்வொரு ஆண்டாக, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. முதல் ஆண்டு மொழி தெரியாது. இரண்டாம் ஆண்டு குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போடுவது என்பதிலிருந்து யாரிடம் எதைக் கேட்பது என்பது வரை பிடிபடும். மூன்றாம் ஆண்டில்தான் ஊர்க்கூட்டத்தில் வாய் திறப்பார். அப்போது பெரும்பாலானோர் கிளம்பத் தயாராகிவிடுகிறார்கள். இருக்க ஆசைப்படுகிறவரையும் ஐந்தாம் ஆண்டு முடிவில் திட்டம் வெளியே அனுப்பிவிடுகிறது. பெரிய நகரத்தில் இது பரவாயில்லை, பக்கத்துத் தெருவில் இன்னொரு வேலை கிடைக்கும். தீவில் ஆசிரியர் வேலை போனால் மீன் பதனிடும் கூடம், விடுதி, ஊர் அலுவலகம். இந்த மூன்றுக்கும் ஜப்பானிய மொழி சரளமாக வேண்டும், விசா வகையும் மாற வேண்டும்.

அமா இந்த விஷயத்தில் மற்ற தீவுகளைவிடக் கொடுத்துவைத்தது. வெளியூர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் குடியேறிய ஊர் அது. பெரியவர்களும் சில மாதம் முதல் ஒரு வருடம் வரை வந்து தங்கி வேலை செய்து பார்க்கும் ஏற்பாடு அண்மையில் வந்திருக்கிறது. வெளியாளுக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுப்பது அங்கே அலுவலகத்தின் அன்றாட வேலை. அந்தத் தயாரிப்பு எல்லாம் ஜப்பானியருக்காக வடிவமைத்தது. ஐந்து ஆண்டு பிள்ளைகளோடு இருந்த வெளிநாட்டு ஆசிரியரையும் அதே கதவு வழியாக உள்ளே எடுப்பது பெரிய காரியமில்லை. மொழித் தேர்வின் இரண்டாம் நிலையை எட்ட மூன்றாம் ஆண்டிலிருந்தே படிப்புச் செலவைக் கொடுத்து, பயிற்சி நிலையத்திலோ சுற்றுலா அலுவலகத்திலோ ஓர் இடத்தை ஒதுக்கிவைத்தால் போதும். ஆசிரியர் பயிற்சி இல்லாதவருக்கும் கொடுக்கக்கூடிய சிறப்பு ஆசிரியர் உரிமம் என்று ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது, அதை மாநிலங்கள் பயன்படுத்தத் தயங்குகின்றன.

இன்னொரு இடறல் நாட்காட்டியில் இருக்கிறது. ஜப்பானின் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஏ.எல்.டி. மாறுவது ஜூலை, ஆகஸ்டில். மார்ச் கடைசியில் தோசென் பள்ளியில் படிப்பை முடித்தவர்களும் இடமாறுதலில் போகும் ஆசிரியர்களும் ஹிஷியுராவில் கப்பல் ஏறும்போது, மேல்தளத்துக்கும் கரைக்கும் நடுவே வண்ண வண்ணக் காகித நாடாக்களைப் பிடித்துக்கொண்டு ஊரே நிற்கும். கப்பல் நகர நகர நாடாக்கள் அறுந்து போகும். இந்த வழியனுப்பு ஏ.எல்.டி.க்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அவர் கிளம்புவது கோடை விடுமுறையில், பள்ளி காலியாக இருக்கும்போது. பழையவர் போய்ச் சில நாளில் புதியவர் அதே வீட்டுக்கு வருவார். பழையவர் விட்டுப்போன அரிசிக் குக்கரும் மிதிவண்டியும் கிடைக்கும். எந்தப் பிள்ளைக்கு வகுப்பில் பேசப் பயம், எந்த ஆசிரியரோடு பாடம் சேர்ந்து நடத்தலாம், முள்ளங்கி வைப்பவர் யார் என்பது மட்டும் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் ஊர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

இதைச் சரிசெய்ய டோக்கியோவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பழையவரை ஊர் தன் செலவில் ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் முழுவதும் இருவரையும் சேர்ந்து சுற்றவிடலாம். ஒரு மாதச் சம்பளம்தான் செலவு. தலைவர் தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்ட ஊருக்கு அது பெரிய தொகை இல்லை. திருவிழாவும் அந்த மாதத்தில்தான் வருகிறது, கரண்டி பிடிப்பது எப்படி என்பதையும் பழையவரே காட்டிக்கொடுத்துவிடலாம்.